நீரேற்று நிலையம்: பம்பு வாங்குவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

பம்பு அதிர்கிறது, இம்பெல்லர் (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) அரித்துப்போகிறது, மோட்டார் சுடுகிறது என்றதும் எல்லோரும் முதலில் பம்பு கம்பெனியைத்தான் கூப்பிடுகிறார்கள். பல நேரம் கோளாறு அதற்கு வெகு முன்பே, மூத்த பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கிலேயே நுழைந்திருக்கும்.

மிக அதிகச் செலவு வைப்பது ஹெட்டுக்கு மேல் ஹெட் (பம்பு தர வேண்டிய அழுத்தம், நீர் உயரமாக மீட்டரில்) கூட்டுவது. வினாடிக்கு 100 லிட்டர் ஏற்ற வேண்டும், நிலை உயரம் (கீழ் நீர்மட்டத்திலிருந்து மேல் நீர்மட்டம் வரை) 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட் பூச்சுள்ள புதுக் குழாயில் ஹேசன்–வில்லியம்ஸ் சி மதிப்பு (குழாயின் வழவழப்பைக் காட்டும் எண்; குறைந்தால் உராய்வு கூடும்) 140; உராய்வு இழப்பு 14 மீட்டர். பாதுகாப்புக்கென்று ஒருவர் சி-யை 100 ஆக்கினால் அதே இழப்பு 26 ஆகிவிடும். அதன்மேல் இன்னொருவர் மொத்த ஹெட்டில் 10 சதவீதம் சேர்ப்பார். 44 மீட்டர் போதுமான இடத்துக்கு 62 மீட்டர் பம்பு வந்து இறங்கும். வால்வை முழுதாகத் திறந்தால் நீரோட்டம் எல்லை மீறி மோட்டார் ஓவர்லோடு ஆகும். வால்வை நெரித்து 100 லிட்டரிலேயே நிறுத்தினால், பம்பும் மோட்டாரும் சேர்ந்து 80 சதவீதத் திறன் என்று வைத்தாலும், சுமார் 22 கிலோவாட் மின்சாரம் அந்த நெரிப்புக்கே வீணாகும். நாளுக்கு 20 மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 440 யூனிட்!

புதுக் குழாய், பழைய குழாய், சம்பின் உயர்ந்த மட்டம், தாழ்ந்த மட்டம் என எல்லாவற்றுக்கும் தனித்தனி வளைகோடு (நீரோட்டத்துக்கேற்பத் தேவைப்படும் ஹெட்) வரையுங்கள். பம்பு ஓடும் புள்ளிகள் அனைத்தும் உச்சத் திறன் தரும் நீரோட்டத்தின் 70 முதல் 120 சதவீதத்துக்குள் விழ வேண்டும். காவிரி போன்ற ஆற்றுப்படுகைக் கிணறுகளில் கோடை மட்டத்தை நேரில் அளக்காமல் இந்தக் கணக்கைத் தொடவே கூடாது. பம்பின் உறைக்குள் பொருந்தும் அதிகபட்ச விட்டத்துக்குச் சற்றுக் குறைந்த இம்பெல்லரை வாங்கினால், குழாய் பழசாகும்போது பெரியதை மாட்டிக்கொள்ளலாம்.

சக்ஷன் (நீரை உள்ளிழுக்கும்) பக்கம் இடம் குறைவு என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். கேட்டலாக்கில் தரும் என்.பி.எஸ்.எச். (பம்பு வாயில் நீர் ஆவியாகும் அழுத்தத்துக்கு மேலாக இருக்கும் ஹெட்) தேவை, ஹெட் ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்த நிலையில் அளந்தது. நீராவிக் குமிழிகள் அதற்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடும். ஆகவே கிடைப்பது தேவையைவிட 1 மீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். அதையும் அதிகபட்ச நீரோட்டத்தில் பாருங்கள். படுக்கைவாட்டில் வரும் சக்ஷன் குழாயில் ஒருபக்கம் சரிந்த ரெடியூசரின் (விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு) தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் காற்று அங்கே தங்கும். அரை மீட்டர் விட்டமுள்ள பெல் மவுத்தில் (மணிபோல் விரிந்த சக்ஷன் குழாய் வாய்) நீர் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நுழைந்தால், அதன் வாய்க்கு மேல் சுமார் 1.3 மீட்டர் நீர் நிற்க வேண்டும். இல்லையென்றால் சுழி விழுந்து காற்றை இழுக்கும்.

உயிருக்கே ஆபத்தான தவறு வேறு. குழாயின் அழுத்த வகுப்பை (எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற தரம்) வெறும் பம்பு ஹெட்டை வைத்தே தீர்மானிப்பது. எஃகு, டக்டைல் இரும்புக் குழாய்களில் அழுத்த அலை வினாடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் ஓடும், 1.5 மீட்டர் வேக நீர் சட்டென நின்றால் 150 மீட்டர் ஹெட் அளவுக்கு அழுத்தம் குதிக்கும். மின்சாரம் போனதும் முதலில் வருவது தாழ்வழுத்தம். மேட்டுப் பகுதிகளில் நீர்த்தம்பம் அறுந்து, மறுபடி மோதும்போதுதான் குழாய் வெடிக்கிறது. ‘நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே’ என்பது பதிலாகாது. நீர் பின்னோக்கித் திரும்பிய பிறகு மூடும் வால்வு தானே ஓர் அடியை உண்டாக்கும். மேட்டில் வைக்கும் காற்று வால்வு காற்றை வேகமாக உள்ளே விட்டு, மெதுவாக வெளியேற்ற வேண்டும். எல்லா பம்புகளும் ஒரே நேரத்தில் நிற்கும் நிலைக்கான ஆய்வு, குழாய்க்கு ஆர்டர் போடும் முன் கையில் இருக்கட்டும். ஏர் வெசலில் (அழுத்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் காற்றுத் தொட்டி) காற்று கரைந்து நீர் நிரம்பிவிட்டால் அது வெறும் தொட்டி. அதன் மட்டத்தைத் தினமும் பார்க்க ஆள் குறியுங்கள்.

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்தால் மின்சாரம் மிச்சம் என்பதும் எங்கும் பொருந்தாது. நிலை உயரம் 45 மீட்டர், நீரோட்டமே இல்லாதபோது பம்பு தரும் ஹெட் 60 என்றால், 50 ஹெர்ட்ஸிலிருந்து 43-க்கு இறக்கியதும் ஒரு சொட்டும் ஏறாது. பம்பு சுற்றிக்கொண்டே உள்ளிருக்கும் நீரைச் சூடாக்கும்.

பொருத்தும்போது, விலகி நிற்கும் குழாயை போல்ட் போட்டு இழுத்துச் சேர்க்க விடாதீர்கள். கப்ளிங்கில் (மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பகுதி) டயல் கேஜை (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைத்தபடி ஃப்ளாஞ்சை (குழாய் முனையின் போல்ட் வளையம்) முறுக்கச் சொல்லுங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் குழாயை வெட்டித் திரும்பப் பொருத்த வேண்டியதுதான்.