தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம்: ஒருநாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் போகிற வழிதானே என்று சுவாமிமலையையும் இரண்டு நவக்கிரகக் கோயில்களையும் சேர்த்துக்கொண்டால், எதையும் நின்று பார்க்க முடியாமல் காரிலேயே பொழுது போய்விடும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது நேரத்தில்தான். நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்பி, பன்னிரண்டரைக்கு ஒரு கோயில் வாசலில் போய் நின்றால் நடை சாத்தியிருக்கும், மறுபடி திறக்க நாலு மணி ஆகும், அதுவரை கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடப்பது குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேதனை. விடிந்ததுமே தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் தாராசுரம், நடை சாத்துவதற்குள் பார்த்துவிட்டு, பக்கத்தில் கும்பகோணத்தில் மதியச் சாப்பாடு. அப்புறம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வடக்கே போனால் மாலை வெயிலில் கங்கைகொண்ட சோழபுரம். உச்சி வெயில் நேரம் சாப்பாட்டிலும் பயணத்திலும் கழிந்துவிடும்.

அடுத்தது, தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, அண்ணாந்து பார்த்து ஒரு செல்ஃபி எடுத்ததோடு திரும்பிவிடுவது. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கோயிலின் சுவர் முழுக்க எழுத்து. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் வீடு என்பதும்கூடக் கல்லில் இருக்கிறது. அரசன் பெயரோடு ஆடிய பெண்களின் பெயரும் ஆயிரம் வருஷம் நின்றிருப்பதைப் பார்க்காமல் வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை, சுவரை ஒட்டி ஒரு சுற்று நடங்கள்.

தாராசுரத்தில் நேர் எதிர், அங்கே குனிய வேண்டும். நாயன்மார் கதைகள் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் சின்னச் சின்னச் சிற்பங்களாக இருக்கின்றன, வேகமாக நடப்பவர் கண்ணில் படவே படாது. கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்குப் படிக்கட்டை விட்டுவிடாதீர்கள். சிவனடியார் சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றுகிற சிற்பம் அங்கேதான் இருக்கிறது, அதற்கு மட்டுமே பத்து நிமிஷம் கொடுக்கலாம்.

கேட்ட கதையை எல்லாம் நம்புவதும் தவறுதான். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும், சாயங்காலம் நின்று பார்த்தாலே தெரியும். உச்சிக்கல் எண்பது டன் ஒற்றைக் கல் என்பதும் சரியில்லை, பல கற்களைச் சேர்த்து அமைத்தது. இப்போது இருக்கும் பெரிய நந்தியும் ராஜராஜன் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது.

கடைசியாக, காலண்டரைப் பாருங்கள். பிரதோஷத்தன்று மாலை நந்தி அபிஷேகத்துக்கும், ஐப்பசி சதயத்தன்று ராஜராஜன் விழாவுக்கும் தஞ்சையில் கூட்டம் நெரியும். விழாவைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கே போங்கள், சிற்பத்தையும் கல்வெட்டையும் பார்க்க வேண்டுமானால் சாதாரண வார நாள்தான் நல்லது.