உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும்? நெல்லைக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு

துபாய், சிங்கப்பூர் என்று பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களும் சரி, சென்னையிலிருந்து மாற்றலில் வருபவர்களும் சரி, திருநெல்வேலியில் வீடு பார்க்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்: "இங்க வெள்ளம் வருமா?" வீட்டுக்காரரிடம் அதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கும்: "வந்ததே இல்ல சார்." கேட்க வேண்டியது வேறு. வந்தால் எந்தத் தண்ணீர் வரும்? ஆற்றுத் தண்ணீரா, குளத்துத் தண்ணீரா? ஒவ்வொன்றும் வரும் வேகம் வேறு, நமக்குக் கிடைக்கும் அவகாசமும் வேறு.

தாமிரபரணி ஆற்றுத் தண்ணீர் சொல்லிவிட்டு வரும். அணைகளின் முழு மட்டம்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த மூன்றின் நீர்மட்டமும் நாள்தோறும் செய்தியில் வரும். மட்டம் மேலே வந்த பிறகு பார்க்க வேண்டியது திறந்துவிடும் அளவு. ஒரு கன அடி என்றால் நொடிக்குச் சுமார் 28 லிட்டர். 10,000 கன அடி திறக்கிறார்கள் என்றால், நொடிக்கு இருபத்துமூன்று தண்ணீர் லாரி (லாரிக்கு 12,000 லிட்டர்) ஆற்றில் கவிழ்வதற்குச் சமம். அணைக்குக் கீழே கடனாநதியும் பச்சையாறும் வந்து சேர்ந்த பிறகுதான் ஆறு நகருக்குள் நுழைகிறது. அதனால் அணைக் கணக்கை மட்டும் வைத்து ஆற்றைக் கணிக்க முடியாது. குற்றாலத்தில் வெள்ளம் என்று டிவியில் காட்டினால் மீனாட்சிபுரத்துக்காரர் பயப்பட வேண்டியதில்லை. சிற்றாறு நகரைத் தாண்டி சீவலப்பேரி பக்கம்தான் கலக்கிறது. அந்தக் கவலை ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தாருக்கு.

ஊர்க்காரர்களின் அளவுகோல் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தத் தகவல் காதில் விழுந்தால் வண்ணார்பேட்டை, கைலாசபுரம், சிந்துபூந்துறை, கருப்பந்துறை, வெள்ளக்கோயில் ஆகிய ஆற்றோரப் பகுதிகளில் இருப்பவர்கள் அன்றைய ராத்திரியைத் தூங்கிக் கழிக்கக் கூடாது.

குளத்துத் தண்ணீர் அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. இந்தச் சீமையில் குளங்கள் சங்கிலி போல இருக்கின்றன. மேல்குளம் நிறைந்தால் மறுகால் (மிச்சத் தண்ணீர் வழியும் வழி) பாய்ந்து கீழ்குளத்துக்கு வரும். மறுகால் ஓடையை அடைத்து வீடு கட்டியிருந்தாலோ, மேல்குளத்துக் கரை உடைந்தாலோ, கீழே உள்ள குளமும் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே வந்த பெருவெள்ளத்தில் இதற்குப் பெரும்பங்கு. அப்போது ஒரே நாளில், 24 மணி நேரத்துக்குள், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அணைக்கு மேலே உள்ள மலையில் மட்டுமல்ல, அணைக்குக் கீழே சமவெளியிலும் அப்படிக் கொட்டினால் ஷட்டரை மூடிப் பயனில்லை. ஆகவே அணை மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வானிலை மையம் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழையை அதிகனமழை என்கிறது. சிவப்பு எச்சரிக்கை அதற்குத்தான். அந்த எச்சரிக்கை வந்தால் அணை பாதி காலியாக இருந்தாலும் ஆயத்தம் செய்யுங்கள்.

வீடு பார்க்கும்போதே இதைக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள், தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரைக் கேளுங்கள்: "அண்ணாச்சி, 2023-ல இங்க எம்புட்டு தண்ணி நின்னுச்சு?" முழங்கால், இடுப்பு என்று கையால் அளந்தே காட்டிவிடுவார். பிறகு வீட்டைப் பாருங்கள். சமையலறை அலமாரியின் அடிப் பலகை பிஸ்கட் போல உப்பியிருக்கிறதா? கதவு நிலையின் அடியில் மட்டும் புது பெயின்ட்டா? பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே ஏறியிருக்கிறதா? எத்தனை வெள்ளையடித்தாலும் காம்பவுண்ட் சுவரின் வெளிப்பக்கத்தில் சேற்றுக் கோடு லேசாகத் தெரியும்.

செப்டம்பர் மாதக் கடைசியில் செய்ய வேண்டிய முதல் வேலை, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறி மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்வது. வேப்பிலைச் சருகும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் அடைப்புதான். ஆயிரம் சதுர அடித் தட்டட்டியில் ஒரு செ.மீ. மழைக்கு 930 லிட்டர் விழும். கைப்பிடிச் சுவருக்குள் ஒரு அடி தேங்கினால் 28 டன் பாரம். பழைய வீட்டுக் கூரைக்கு அது ஆகாது.

குடிநீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு. நான்கு பேருக்கு ஐந்து நாள் என்றால் 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. மழை எச்சரிக்கை வந்த பிறகு கேன் கிடைக்காது, முன்பே வாங்கி மாடிப்படிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதால் மேல்தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். தரைத்தொட்டியையும் நிரப்பி மூடியைச் சுற்றி பாலித்தீன் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். காலியாக விட்டால் சாக்கடை புகும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் மண்ணிலிருந்து கிளம்பி மேலே வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு அடுப்பு வேண்டாத சாமானாக இருக்கட்டும்: அவல், பொட்டுக்கடலை, கருப்பட்டி, ரொட்டி, பேரீச்சை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 15 நாளைக்கு. பணம் சில்லறை நோட்டாகவே இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தவறுவது இங்கேதான். செல் டவர் படுத்துவிட்டால் ஜிபேயும் படுத்துவிடும், பால் பாக்கெட்டுக்குக்கூட காசு எண்ணிக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட், பட்டா, கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் இரண்டு பாலித்தீன் உறையில் போட்டு, மாடியில் வையுங்கள். ரேஷன் கார்டில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 வெள்ளத்துக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது என்றால் வரிசை முக்கியம். தரையில் ஈரம் படும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள், அப்படி ஆகிவிட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லி லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் மெயினை அணைத்தும் வீட்டில் கரண்ட் ஓடும். அதையும் நிறுத்தி உயரே ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டர் மிதக்கும் சாமான். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். பலரும் மறக்கும் இடம் கக்கூஸ். கீழ்த்தளத்தில் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கோப்பை வழியாகக் கழிவுநீர் மேலேறும். கோணிப்பையில் மணலைப் பாதியளவு கட்டி, பாலித்தீனில் சுற்றிக் கோப்பைக்குள் அமுக்குங்கள்; குளியலறைத் துவாரத்துக்கும் அப்படியே. வாசலுக்கு வைக்கும் மணல் மூட்டையையும் முழுக்க நிரப்பாதீர்கள். முட்டமுட்ட நிரப்பிய மூட்டை உருண்டை கட்டி நிற்கும், இடுக்கில் தண்ணீர் கசியும். பாதி முதல் முக்கால் வரை நிரப்பி, செங்கல் வரிசை போல இணைப்பு மாறி அடுக்கி, மிதித்துத் தட்டையாக்க வேண்டும்.

காரை முதல் நாளே மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் பெயரிலேயே மேடு இருக்கிறது. ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஆளைத் தள்ளும், ஒரு அடி ஓட்டம் சின்ன காரைத் தூக்கும். தரைப்பாலத்தில் "நேத்து போனேனே" என்ற கணக்கு செல்லாது. தண்ணீருக்கு அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்றே தெரியாது. வண்டி மூழ்கிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். தனியாக இன்ஜின் காப்பு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு இன்சூரன்ஸில் பெரும்பாலும் வராது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், செல்லில் சார்ஜ் இருக்காது.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் போகும்போது கையில் கம்பு வேண்டும். செருப்புக்குள், வாஷிங் மெஷின் அடியில், ஈரத் துணிக் குவியலில் பாம்பு இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேற்றில் நின்று வேலை செய்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிணறு இருந்தால் கலங்கல் தண்ணீரை முதலில் இறைத்து வெளியேற்றுங்கள். புதுத் தண்ணீர் ஊறியதும் அளவெடுங்கள்: விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் (எல்லாம் மீட்டரில்) × 785 என்றால் லிட்டர் கணக்கு வரும். மூன்று மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் ஆழமும் இருந்தால் சுமார் 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஆக 70 கிராம். வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் வடித்து, கயிறு கட்டி இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். பாக்கெட் பிரித்துப் பல மாதம் கிடந்த பவுடர் வீரியம் போன பவுடர், மூக்கில் நெடி ஏறாவிட்டால் புதிது வாங்குங்கள். குடிப்பதற்கு மட்டும் சில வாரம் கொதிக்கவைத்தே குடியுங்கள்.