முலாம்பழ விதையில் நாம் ஏமாறும் இடங்கள்

விதைப் பாக்கெட்டில் ‘சாம்பல் நோய் தாங்கும்’ என்று அச்சடித்திருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான். நோய்க்குப் பெயர் ஒன்றுதான். அதைக் கொண்டுவரும் பூஞ்சையில் இனங்கள் பல. 1936-ல் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பி.எம்.ஆர். 45 என்ற முலாம்பழ ரகம் வந்தது. அதன் எதிர்ப்புத் திறன் இந்தியாவிலிருந்து போன விதையிலிருந்து எடுத்தது (நம் ஊர்ச் சரக்கு!). 1938-லேயே அதே பூஞ்சையின் இன்னொரு இனம் தலைகாட்டி, அந்த ரகத்தையும் தாக்கியது.

வாடல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சையிலும் இதே கதை. அதன் இனங்களுக்கு எண்கள்தான் பெயர். முலாம்பழத்தில் உள்ள ஃபோம்-1 என்ற எதிர்ப்பு மரபணு 0, 2 ஆகிய இனங்களைத் தடுக்கும். ஃபோம்-2 மரபணு 0, 1 ஆகியவற்றை. இரண்டும் சேர்ந்திருந்தாலும் ‘1,2’ என்றொரு இனம் தாண்டி வந்துவிடும். ஆகவே, எந்த இனத்தைத் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். பூஞ்சை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும் என்பதால், வாடிய நிலத்திலேயே அதே ரகத்தை மறுபடி ஊன்றாதீர்கள்.

அடுத்தது, நன்றாகக் காய்த்த ஹைபிரிட் பழத்திலிருந்து விதை எடுத்து வைப்பது. எதிர்ப்பு மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நாலில் ஒரு செடிக்கு அது இருக்காது. இனிப்பு, தோலின் வலை, விதை அளவு எல்லாம் செடிக்குச் செடி மாறும்.

“பக்கத்தில் வெள்ளரிக்காய் போட்டேன், முலாம்பழம் சப்பென்று ஆகிவிட்டது” என்பார்கள். வெள்ளரிக்கு 14 குரோமோசோம், முலாம்பழத்துக்கு 24. இரண்டும் சேரவே சேராது. தண்ணீரையும் பறித்த பக்குவத்தையும் பாருங்கள். ஆனால் கோடையில் வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழம் இருக்கிறதே, அது பேரில்தான் வெள்ளரி, இனத்தால் முலாம்பழம். அதன் மகரந்தம் தாராளமாகச் சேரும். அப்போதும் இந்த வருடப் பழத்தின் ருசி மாறாது, சதை தாய்ச்செடியுடையது. கலப்பு உள்ளே விதையில்தான். விதைக்கு விடுவதாக இருந்தால், பூக்கும் முந்தின நாள் மாலையே மொட்டுகளுக்கு உறை போட்டு, காலையில் அதே ரகத்தின் மகரந்தத்தைக் கையால் தடவி மறுபடி மூடுங்கள்.

அப்புறம், விதையில்லாத் தர்பூசணி. சிலர் நினைப்பதுபோல் ஊசி போட்டு வருவதல்ல அது. 44 குரோமோசோம் உள்ள தாயையும் 22 உள்ள சாதாரணத் தர்பூசணியையும் சேர்த்தால் கிடைக்கும் 33 குரோமோசோம் செடி. ஒற்றைப்படையாகப் போனதால் விதை முற்றுவதில்லை. சதையில் தெரியும் வெள்ளைத் துணுக்குகள் வெறும் விதையுறை. அதன் மகரந்தமும் உதவாது என்பதால், நடுவே சாதாரண ரகத்தையும் நடாவிட்டால் காய் பிடிக்காது.