ஏரிக்கரையில் உட்கார்ந்து அரூப ஓவியம்: அடிவானக் கோட்டிலிருந்து தப்பிய கதை

அரூப ஓவியம் (இன்ன பொருள் என்று அடையாளம் தெரியாமல், வடிவமும் நிறமும் மட்டுமே பேசும் ஓவியம்) என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடம் நான் வரைந்ததெல்லாம் கொஞ்சம் கலங்கிப்போன இயற்கைக் காட்சிதான். வீட்டுக்கு வந்த ஒருவர் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, இது எந்த ஏரி?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கே தப்பு செய்தேன், எப்படிச் சரிசெய்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். கேன்வாஸுக்குக் கெசோ (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூசுவது, பிரஷ் கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: போய் உட்காருங்கள், போனை எடுக்காதீர்கள்

முதல் இருபது நிமிடம் எதையும் வரைய வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலை, கிளை, கல் எல்லாம் மறைந்து நாலைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். உங்களுக்கு வேண்டியது அவைதான்.

போட்டோ ஏன் கூடாது என்றால், வானத்துக்கு ஏற்றபடி கேமரா ஒளியை அளந்தால் நிழல்கள் கறுப்பாகிவிடும். அந்த நிழலுக்குள் என்ன நிறம் இருந்தது என்பது போய்விடும். அதைவிட மோசம், வீட்டுக்கு வந்ததும் போட்டோவைப் பார்த்துக் காப்பி அடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். பதிலாக வார்த்தைகளில் குறித்துக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் இருந்து ஒரு வரி: "நாணலின் நிழல் பழுப்பு இல்லை, ஊதா. ஓரத்தில் மட்டும் துருப்பிடித்த நிறம்."

படி 2: அட்டையில் ஒரு ஜன்னல்

பழைய அட்டைப்பெட்டியில் 6 செ.மீ. சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியே பாருங்கள். முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால் நிறைய தெரியும், தள்ளிப் பிடித்தால் கொஞ்சம்தான் தெரியும். தள்ளியே பிடியுங்கள்.

தெரிவதைக் கட்டைவிரல் அளவுப் படங்களாக, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று, எட்டுப் பத்து போடுங்கள். வெளிர், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோன் போதும். சார்கோல் (கரி) குச்சிதான் இதற்குச் சரி. கூரான பென்சில் கையில் இருந்தால் விரல் தானாக இலை போடப் போய்விடும்.

படி 3: அடிவானக் கோடு (நான் விழுந்த இடம்)

இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை ஒரே ஒரு படுக்கைக் கோடு போட்டுப் பாருங்கள். மேலே வெளிர், கீழே அடர்த்தி. முடிந்தது: மேலே வானம், கீழே நிலம். மரத்தை எடுத்துப் பார்த்தேன், வானத்துக்குச் சிவப்பு அடித்துப் பார்த்தேன். சிவப்பு வானம் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கோடு இருக்கும்வரை நிறத்தை எப்படி மாற்றினாலும் கண் அதை நிலக்காட்சியாகத்தான் படிக்கிறது.

எனக்கு உதவிய மூன்று வழிகள்:

ஒன்று, அட்டை ஜன்னலைக் கீழே இறக்குங்கள். வானமே வரக்கூடாது, தண்ணீர், சேறு, நாணல் மட்டும். இரண்டு, போட்ட சின்னப் படத்தை 90 டிகிரி திருப்பி வைத்து அப்படியே தொடருங்கள். மூன்று, கோடு வேண்டும் என்றே தோன்றினால் ஒரு ஓரத்தைத் தொடுமுன் அதை உடைத்துவிடுங்கள்.

இதோடு இன்னொன்று: பொருளை விட்டுவிட்டு, பொருள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை வரையுங்கள். டச்சு ஓவியர் பியட் மோன்ட்ரியன் 1911-ல் வரைந்த சாம்பல் நிற மரத்தைத் தேடிப் பாருங்கள். கிளைகளுக்கு எவ்வளவு கனம் கொடுத்திருக்கிறாரோ, அவற்றுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்துக்கும் அவ்வளவு கனம் கொடுத்திருக்கிறார். அதற்குக் கொஞ்சம் முன்னால் வரைந்த சிவப்பு மரத்தையும், 1912-ல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மரம் படிப்படியாக எப்படிக் கரைகிறது என்று புரியும். நான் செய்துகொண்டிருந்தது மரத்தை மங்கலாக்கும் வேலை. அது வேறு, இது வேறு.

படி 4: ஒரு நாள் ஆறப்போடுங்கள்

சின்னப் படங்களை மூடி வைத்துவிட்டு மறுநாள் நினைவிலிருந்து ஆரம்பியுங்கள். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952-ல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்த் திரும்பிய பிறகு, கெசோ பூசாத பெரிய கேன்வாஸைத் தரையில் விரித்து, நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி அந்த மலையையும் கடலையும் வரைந்தார். எதிரே காட்சி எதுவும் இல்லை. நமக்கும் மறந்தது போக மிஞ்சுவது போதும்.

நிறத்துக்கு என் பெட்டி சின்னது: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), டைட்டானியம் ஒயிட். முதல் இரண்டையும் கலந்தால் அருமையான சாம்பல் வரும். டியூபில் வரும் பச்சையை மட்டும் தொடாதீர்கள், உடனே புல்வெளி ஆகிவிடும்.

தூரத்து மலை நீலமாகத் தெரிவது, நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். அதனால் வெளிர் நீலத்தை மேலே வைத்தால் படத்தில் மறுபடி தூரம் வந்துவிடும், தூரம் வந்தால் அடிவானமும் வந்துவிடும். நான் அதைக் கீழ் ஓரத்தில் வைக்கிறேன்.

படி 5: பெரிய கேன்வாஸ் இப்போது

30 செ.மீ. சதுரம், இரண்டு அங்குலப் பட்டை பிரஷ், ஒரு பேலட் நைஃப் (வண்ணம் கலக்கவும் தடவவும் மழுங்கிய கத்தி). சின்ன பிரஷ்களை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். அப்புறம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பூசுங்கள்.

பிற்சேர்க்கை

"ராத்திரி சரியாக இருந்த நிறம் காலையில் கறுத்துவிட்டது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அக்ரிலிக்கின் (தண்ணீரில் கரைத்துப் பூசும் வண்ணம்) குணம் அது. ஈரமாக இருக்கும்போது அதன் பசை பால்போல வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். நிறம் ஒரு படி இறங்கும். ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுப் பார்த்தபின் பூசுங்கள்.

இன்னொருவர், திருப்பி வைத்த பிறகும் ஏரியாகவே தெரிகிறது என்று படம் அனுப்பினார். பார்த்தால், ஒரு வடிவமும் அதன் பிரதிபலிப்பும் அச்சாக எதிரெதிரே இருந்தன. அப்படி இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் தண்ணீர்தான். ஒரு பாதியை மட்டும் எடுத்து, கேன்வாஸ் விளிம்பைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.

முடித்த படத்தை உடனே ஆணி அடித்து மாட்டாதீர்கள். நாலு நாள், நாளுக்கு ஒரு பக்கம் மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். அதுவரை கையெழுத்தைப் பின்பக்கம் போடுங்கள். முன்னால் போட்டால் எது மேல், எது கீழ் என்று அதுவே சொல்லிவிடும்.