போன் மாத்துறப்போ நம்பர் தொலையாம இருக்க: ஆண்ட்ராய்டு, ஐபோன் மாறுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு மாறினாலும் சரி, ஐபோன்ல இருந்து ஆண்ட்ராய்டுக்கு வந்தாலும் சரி, போட்டோ வீடியோ பத்திதான் எல்லாரும் கவலைப்படுறாங்க, காண்டாக்ட்ஸ் தானா வந்துரும்னு விட்டுடுறாங்க. பெரும்பாலும் வரும்தான், ஆனா முழுசா வந்துச்சான்னு யாரும் பாக்கறதில்ல. கொஞ்சம் விட்டுப்போனா அது அன்னைக்கே தெரியாது, மூணு மாசம் கழிச்சு தண்ணி மோட்டார் மக்கர் பண்ணும்போது பிளம்பர் நம்பரைத் தேடுவோம் பாருங்க, அப்பதான் தெரியும், அதுக்குள்ள பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுத்து முடிச்சிருப்போம். வீட்டுல இருந்து தையல் பண்றவங்க, மெஸ் நடத்துறவங்க, டியூஷன் எடுக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் கஸ்டமர் நம்பர்தான் தொழிலே, அதனால இதை நிதானமா பண்ணுங்க, ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினா போதும்.

எல்லாத் தப்புக்கும் மூலம் ஒண்ணுதான், நம்பர் "போன்ல" இருக்குன்னு நினைக்கிறது. ஒரே லிஸ்ட்டா தெரியுதே தவிர அது நாலஞ்சு இடத்துல இருக்கறதைச் சேத்துக் காட்டுற லிஸ்ட்டு. சிலது சிம்ல இருக்கும், சிலது போனோட மெமரில, சிலது கூகுள் அக்கவுன்ட்ல, சாம்சங் போன்னா சாம்சங் அக்கவுன்ட்ல சிலது, ஷாவ்மின்னா அவங்க அக்கவுன்ட்ல சிலது, ஆபீஸ் மெயில் போட்டிருந்தா அதுல கொஞ்சம். ஜிமெயிலை புது போன்ல போட்டதும் கூகுள்ல இருக்கறது மட்டும் வரும், மத்தது பழைய போன்லயே உக்காந்திருக்கும். பாதி நம்பரைக் காணோம்னு சொல்றவங்க கதை எல்லாமே கிட்டத்தட்ட இதுதான்.

அதனால புது போன் பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே பழைய போன்ல பாத்துடுங்க. கூகுள் காண்டாக்ட்ஸ் ஆப்ல அக்கவுன்ட் மாத்திப் பாக்குற வசதி இருக்கு, அதுல கூகுள்னு ஒண்ணும் டிவைஸ்னு (அதாவது போன்) ஒண்ணும் தனித்தனியா வந்தா டிவைஸ்ல இருக்கறது எதுவும் இன்னும் கூகுள் அக்கவுன்ட்டுக்கு ஏறலைன்னு அர்த்தம். அந்த ஆப்போட செட்டிங்ஸ்லயே டிவைஸ் காண்டாக்ட்ஸையும் சிங்க் பண்ணுங்கற (அக்கவுன்ட்டோட சேத்து ஒண்ணா வைக்கற) ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணிடுங்க. சாம்சங்ல இன்னும் சுலபம், காண்டாக்ட்ஸ் ஆப்ல மேனேஜ் காண்டாக்ட்ஸ் போய் மூவ் காண்டாக்ட்ஸ் குடுத்தா போன்ல இருந்து கூகுளுக்கு மொத்தமா தள்ளிடலாம். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர்லயோ வேற போன் பிரவுசர்லயோ காண்டாக்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம் போய்ப் பாருங்க, மொத்தம் எத்தனைன்னு நம்பர் காட்டும், அதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. புது போன்ல வந்தப்புறம் அதே எண்ணிக்கை இருக்கான்னு பாக்கணும், ஐபோன்லயும் காண்டாக்ட்ஸ் லிஸ்ட்டோட கடைசில எண்ணிக்கை இருக்கும்.

அடுத்து, அந்த ஜிமெயில் யாரோடது? இது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா நடக்குது, போன் வாங்கின கடைல அந்தப் பையனே ஒரு ஜிமெயில் ஓபன் பண்ணிக் குடுத்திருப்பான், பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகம் இருக்காது இவங்களுக்கும் தெரியாது, அப்பா அம்மா போன்ல முக்காவாசி இப்படித்தான். நாலு வருஷமா நம்பரெல்லாம் அந்த அக்கவுன்ட்லதான் சேந்துகிட்டு இருக்கும். பழைய போன் கையில இருக்கறவரைக்கும் பிரச்சினை இல்ல, அந்த போன்லயே அக்கவுன்ட் லாகின்ல இருக்கறதால பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு குடுத்தா பெரும்பாலும் அந்த போனை வச்சே நீங்கதான்னு உறுதி பண்ணி புது பாஸ்வேர்டு வைக்க விடும், அப்படியே இப்ப பேசுற நம்பரை ரெக்கவரி நம்பரா சேத்துடுங்க. அவசரப்பட்டு ரீசெட் பண்ணிட்டீங்கன்னா இந்த வழி அடைச்சுரும், அதோட ரீசெட் ஆன போனைத் திருப்பி ஆன் பண்றதுக்கே அதே ஜிமெயிலோட பாஸ்வேர்டைக் கேட்டாலும் கேக்கும்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே ஜிமெயிலை ரெண்டு போன்லயும் போட்டு வச்சிருக்கற வீடும் நிறைய. அவர் ஆபீஸ் நம்பரெல்லாம் இவங்க போன்ல வருதேன்னு புது போன்ல உக்காந்து டெலிட் பண்ணுவாங்க, அங்க அவர் போன்ல இருந்தும் காணாம போயிரும், ஏன்னா ரெண்டும் ஒரே லிஸ்ட்டு. சிங்க்ல இருக்கற எதை அழிச்சாலும் எல்லா போன்லயும் அழியும்ங்கறதை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க, போன் மாத்தும்போதே ஆளுக்கொரு அக்கவுன்ட்டா பிரிச்சுக்கறது நல்லது.

சிம்ல காப்பி பண்ணிட்டா போதும்னு ஒரு பழைய பழக்கம் இருக்கு, பட்டன் போன் காலத்துல அது சரி, இப்ப வேணாம். சிம்ல 250 பேர் அளவுக்குத்தான் பொதுவா இடம், போட்டோ, பிறந்தநாள், அட்ரஸ் எதுவும் போகாது, ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் இருந்தா ரெண்டு பேரா பிரிஞ்சுரும் இல்லன்னா ஒண்ணு விட்டுப்போகும். தமிழ்ல பேர் போட்டு வச்சிருந்தா இன்னும் மோசம். கிருஷ்ணமூர்த்தின்னு எழுதினா நம்ம கணக்குல 8 எழுத்து, ஆனா கொம்பு, சுழி, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணி போன் அதை 15ன்னு எடுத்துக்கும், ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ் எழுத்தை விட ரெண்டு மடங்கு இடம் வேற. அதனால கிருஷ்ணமூர்த்தி மேஸ்திரி சிம்முக்குள்ள போய் வெளிய வரும்போது வெறும் கிருஷ்ணன்னோ கிருன்னோ நிக்கும், அப்படி நாலு பேர் இருந்தா யாரு மேஸ்திரின்னு போட்டுத்தான் பாக்கணும். ஐபோன் சிம்ல இருந்து நம்பரை எடுத்துக்கும், ஆனா சிம்முக்குத் திருப்பி எழுதாது, அதனால ஐபோன்ல இருந்து வெளிய வர்றவங்களுக்கு அந்த வழியே கிடையாது. ப்ளூடூத்ல அனுப்பலாம்னு ட்ரை பண்றதும் வீண், ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் நடுவுல அது வேலை செய்யாது.

ஐபோனுக்குப் போறவங்க மூவ் டு ஐஓஎஸ் ஆப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, ஆப்பிள் 2015ல விட்டது, பழைய ஆண்ட்ராய்டுல போட்டு ஐபோன்ல வர்ற கோட் நம்பரை அதுல அடிக்கணும். நல்ல ஆப்தான், ஆனா அது ஓடும்போது போனைத் தொடக்கூடாது. நடுவுல வாட்ஸ்அப் பாக்கப் போனாலோ ஒரு கால் வந்தாலோ அறுந்துரும். ஆண்ட்ராய்டுல முடிஞ்சதுன்னு காட்டும், ஐபோன்ல எவ்வளவு முடிஞ்சதுன்னு காட்டுற கோடு இன்னும் நகந்துகிட்டு இருக்கும், அது முழுசா முடியறவரைக்கும் ரெண்டையும் சார்ஜ்ல போட்டு விட்டுடுங்க. இன்னொண்ணு, இது ஐபோனை முதல் தடவை ஆன் பண்ணி செட் பண்ணும்போது வர்ற வேலை. செட்டப் முடிச்சு பத்து நாள் ஆனப்புறம் நம்பர் வரலைன்னு சிலர் ஐபோனையே மொத்தமா அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறாங்க, பத்து நாள் எடுத்த போட்டோவும் சேந்து போகுது, நம்பருக்காக மட்டும்னா அது தேவையே இல்ல. ஐபோன் செட்டிங்ஸ்ல காண்டாக்ட்ஸ் அக்கவுன்ட்ஸ்னு இருக்கும் (புது ஐஓஎஸ்ல ஆப்ஸ்ங்கற தலைப்புக்குள்ள காண்டாக்ட்ஸைத் தேடணும்), அதுல ஜிமெயிலைச் சேத்து காண்டாக்ட்ஸ் சுவிட்சை ஆன் பண்ணா வந்துரும்.

அதே இடத்துல டீஃபால்ட் அக்கவுன்ட்னு ஒண்ணு இருக்கு, புதுசா சேக்கற நம்பர் போய்ச் சேர்ற இடம் அது, இதை யாரும் கண்டுக்கறதில்ல. பழசெல்லாம் ஜிமெயில்ல, இனிமே சேக்கறதெல்லாம் ஐகிளவுட்லன்னு (ஆப்பிளோட ஆன்லைன் சேமிப்பு) ரெண்டா பிரிஞ்சுகிட்டே போகும், அடுத்த தடவை போன் மாத்தும்போது இதே தலைவலி. எங்க வைக்கணும்னு இப்பவே முடிவு பண்ணி அதையே டீஃபால்ட்டா வைங்க, திரும்ப ஆண்ட்ராய்டு பக்கம் வர வாய்ப்பு இருக்கறவங்க ஜிமெயில்லயே வைக்கறதுதான் என் கணக்குல சரி.

ஐபோன்ல இருந்து ஆண்ட்ராய்டுக்கு வர்றவங்க பண்ற தப்பு இதுக்கு நேர் எதிர். ஐபோன்ல ஜிமெயில் போட்டு காண்டாக்ட்ஸ் ஆன் பண்ணிட்டா ஐபோன்ல இருக்கறதெல்லாம் ஜிமெயிலுக்குப் போயிரும்னு நினைக்கிறாங்க. போகாது. அது ஜிமெயில்ல இருக்கறதை ஐபோன்ல காட்டும் அவ்வளவுதான், ஐகிளவுட்ல இருக்கறது ஐகிளவுட்லயேதான் இருக்கும். ஐகிளவுட் வெப்சைட்ல லாகின் பண்ணி காண்டாக்ட்ஸ்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி விகார்டா (காண்டாக்ட்ஸுக்குன்னே இருக்கற ஃபைல் வகை) எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஒரே ஃபைலா இறங்கும், அதைக் கொண்டுபோய் கூகுள் காண்டாக்ட்ஸ்ல இம்போர்ட் குடுங்க, முடிஞ்சது.

ஃபைல் வழியா பண்றவங்க அதை எக்செல்ல திறந்து சரி பண்ணலாம்னு மட்டும் போயிடாதீங்க. சிஎஸ்வி ஃபைலை (காண்டாக்ட்ஸை அட்டவணை மாதிரி வைக்கற இன்னொரு ஃபைல் வகை) எக்செல்ல திறந்த உடனே முன்னாடி இருக்கற ப்ளஸ் குறி போயிரும், லேண்ட்லைன் முன்னாடி இருக்கற சைபர் போயிரும், 91ஓட சேந்த 12 இலக்க நம்பர் 9.19ன்னு ஆரம்பிச்சு கணக்குப் பாடத்துல வர்ற மாதிரி சுருங்கிக் காட்டும், அப்படியே சேவ் பண்ணிட்டீங்கன்னா பின்னாடி இருந்த இலக்கமெல்லாம் நிஜமாவே போச்சு, திரும்ப வராது. தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா மாறுறதும் இங்கதான் பல தடவை நடக்குது. விகார்டாவே எடுங்க, இம்போர்ட் பண்ணப்புறம் தமிழ்ப் பேர் ஒரு பத்தைத் திறந்து சரியா வந்திருக்கான்னு பாருங்க, பேருக்குப் பதிலா ஈக்குவல் குறியும் நம்பருமா நீளமா வந்திருந்தா அந்த ஃபைலை விட்டுட்டு அக்கவுன்ட் சிங்க் வழியா முயற்சி பண்ணுங்க.

இம்போர்ட்டை ரெண்டு மூணு தடவை குடுத்துட்டு எல்லாரும் மூணு மூணா தெரியறாங்கன்னு பதறி, மெர்ஜ் ஆல் (ஒரே மாதிரி இருக்கறதையெல்லாம் ஒண்ணாக்குற) பட்டனை அழுத்துறதும் ஒரு தப்பு. நம்ம லிஸ்ட்ல குமார்னு அஞ்சு பேர் இருப்பாங்க, ஒருத்தர் பால் குமார், ஒருத்தர் ஆபீஸ், ஒருத்தர் அத்தை பையன். வெறும் குமார்னு சேவ் பண்ணது ரெண்டு இருந்தாலும் ஒரே ஆளாக்கிடலாமான்னு கேக்கும். ஒவ்வொண்ணா பாத்து ஓகே குடுங்க. கெட்டுப்போச்சுன்னாலும் கூகுள் காண்டாக்ட்ஸ் வெப்சைட்ல அன்டூ சேஞ்சஸ்னு ஒண்ணு இருக்கு, 30 நாளுக்குள்ள எந்த நிலைல இருந்துச்சோ அங்க திருப்பிக் கொண்டு போயிடலாம், டெலிட் ஆனது ட்ராஷ்லயும் 30 நாள் இருக்கும். ஐகிளவுட்லயும் பழைய லிஸ்ட்டைத் திரும்ப எடுக்கற வசதி வெப்சைட்ல இருக்கு, அதுவும் 30 நாள் கணக்குதான். அதனாலதான் எண்ணிக்கையை மாத்தின அன்னைக்கே பாருங்கன்னு சொல்றேன்.

சில சமயம் நம்பர் தொலையவே இல்ல, இடம் மாறி இருக்கும். ஐபோன் பொதுவா கடைசிப் பேரை வச்சுத்தான் வரிசைப்படுத்தும், ரவி எலக்ட்ரீஷியன்னு போட்டு வச்சவரை ரவியில தேடினா இருக்க மாட்டாரு, எலக்ட்ரீஷியன் வரிசைல இருப்பாரு. காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸ்ல சார்ட் ஆர்டரை மாத்தி முதல் பேர் முன்னாடின்னு வச்சா சரியாயிரும். வயசானவங்க மேல இருந்து கீழ தள்ளித் தள்ளித்தான் தேடுவாங்க, அவங்க போன்ல இதை முதல் வேலையா பண்ணிக் குடுங்க.

சிங்கப்பூர், துபாய்னு வெளிநாடு போகும்போது போனும் சேத்து மாத்துறவங்க நம்பர் முன்னாடி ப்ளஸ் 91 இருக்கான்னு பாருங்க. வெறும் பத்து இலக்கமா இருந்தா, வாட்ஸ்அப்பை அந்த ஊர் நம்பருக்கு மாத்தின உடனே அதையெல்லாம் அந்த ஊர் நம்பர்னு எடுத்துக்கும், சொந்தக்காரங்க பாதிப்பேர் பேர் இல்லாம வெறும் நம்பரா தெரிவாங்க. ப்ளஸ் 91 போட்டா நடுவுல சைபர் வேணாம், சென்னை 044 நம்பர்னா ப்ளஸ் 91 44ன்னு வரணும்.

நம்பரை மாத்தித் தர்றேன்னு சொல்ற கண்ட ஆப்பையும் போடாதீங்க, உங்க போன்ல இருக்கற அத்தனை பேர் நம்பரையும் அவங்களைக் கேக்காம யாருக்கோ தூக்கிக் குடுக்கற வேலை அது. முன்னாடி எல்லாரும் வச்சிருந்த ஷேர்இட், ஜெண்டர் ரெண்டுமே 2020 ஜூன்ல இந்தியால தடை பண்ண 59 ஆப்ல இருந்தது. மேல சொன்ன எதுக்கும் தனி ஆப் வாங்கவே தேவையில்ல.

கடைசியா பழைய போன். புது போன்ல எண்ணிக்கை சரியா இருந்தாலும் ஒரு மாசம் பழசை அழிக்காம வைங்க, எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தே ஆகணும்னா விகார்டு ஃபைல் ஒண்ணு எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பிட்டுக் குடுங்க. ஐபோனை விட்டு வர்றவங்க சிம்மைக் கழட்டறதுக்கு முன்னாடி ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் (ஆப்பிளோட மெசேஜ், வீடியோ கால் வசதிகள்) ஆஃப் பண்ணணும், இல்லன்னா ஐபோன் வச்சிருக்கற ஃப்ரெண்டு அனுப்பற மெசேஜ் உங்க புது போனுக்கு வராம பழைய பக்கமே போகும். போனைக் குடுத்தப்புறம்தான் இது தெரிஞ்சதுன்னாலும் ஆப்பிள் வெப்சைட்ல நம்பரைப் போட்டு ஐமெசேஜ்ல இருந்து எடுக்கற பக்கம் இருக்கு, உங்க சிம்முக்கு எஸ்எம்எஸ்ல ஒரு கோட் நம்பர் வரும், அதை அடிச்சா எடுத்துடுவாங்க.