ஒரு வண்டி, ஓட்டுபவர்கள் இரண்டு பேர்: கணவன் மனைவிக்குச் சேர்த்து பைக் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

வீட்டுக்கு ஒரு பைக்தான் எடுக்க முடியும், வேலைக்கும் அதில்தான் போக வேண்டும், கணவன் மனைவி இரண்டு பேரும் ஓட்ட வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நிற்பார்கள். ஒன்று ஆசைப்பட்ட வண்டி, இன்னொன்று போதும் என்று தோன்றுகிற வண்டி. ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350, டிவிஎஸ் ரைடர் 125 என்ற ஜோடியையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் தமிழ்நாட்டுக் கம்பெனிகள். தெருவுக்கு நாலு நிற்கிற வண்டிகள் என்பதால் ஓட்டிப் பார்ப்பதும் சுலபம்.

இந்த இரண்டையும் எடை, சிசி, மைலேஜ் என்று வரிசையாகப் போட்டு ஒப்பிடும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. அவை எல்லாமே ஓட்டுபவர் ஒருவர்தான் என்று வைத்துப் பேசுகின்றன. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் வண்டியை, இருவரில் யாருக்குச் சிரமம் அதிகமோ அவரை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் எந்த வண்டியையும் சமாளித்துவிடுவார். மற்றவருக்குப் பயம் வந்துவிட்டால், மூன்றாம் மாதத்திலிருந்து அது ஒருவர் வண்டிதான். இன்னொருவர் மறுபடி ஷேர் ஆட்டோவுக்கு நிற்பார்.

சீட் உயரத்தைப் பார்த்துவிட்டு எடையை விடுவது

முதலில் எல்லாரும் தேடுவது சீட் உயரம். ஹன்டருக்கு 790 மி.மீ., ரைடருக்கு 780. ஒரு சென்டிமீட்டர்தானே வித்தியாசம், இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஹன்டரின் எடை 181 கிலோ, ரைடர் 123 கிலோ. வித்தியாசம் 58 கிலோ. கிட்டத்தட்ட ஒரு ஆளைக் கூடவே தள்ளுகிற மாதிரி.

ஓடும்போது இந்த எடை தெரியாது. இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் ஹன்டர் சாதுவாகத்தான் போகும். எடை தெரிகிற இடங்கள் வேறு. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் முன்னால் தூண், இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், வண்டியைப் பின்னால் இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். தரை லேசாக வடிகால் பக்கம் சாய்ந்திருக்கும். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை டேங்கில் சாய்த்து இழுக்கும்போது வண்டி எதிர்ப்பக்கம் ஒரு சாண் சாய்ந்தால் போதும், 123 கிலோவை மீட்டுவிடலாம், 181 கிலோவை மீட்பது பழக்கப்பட்டவருக்கே பாடு. அடுத்தது பேஸ்மென்ட்டிலிருந்து ஏறும் சரிவு. பாதி ஏறியபின் எதிரே கார் வந்தால் நின்றுதான் ஆக வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடி காலை ஊன்றி, கிளட்சை விட்டு மறுபடி கிளப்ப வேண்டும். மூன்றாவது, சாலை ஓரம் சரிந்திருக்கும் யூ டர்ன். சென்னையில் ஓஎம்ஆர் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு இது புரியும். சமதளத்தில் எட்டுகிற கால், பள்ளமான பக்கத்தில் எட்டாது.

சீட் உயரம் என்ற எண் சீட்டின் அகலத்தையும் சொல்வதில்லை. அகலமான சீட் தொடையை விரித்துவிடும், உயரம் குறைவாக இருந்தும் குதிகால் தரையில் படாது. குஷன் கடையில் கொடுத்து ஃபோமைக் குறைத்துக்கொள்ளலாம், சிலருக்கு அதுவே போதும். எடையைக் குறைக்க எந்தக் கடையும் இல்லை.

அதனால் ஷோரூமில் வண்டியை ஓட்டுவதற்கு முன் தள்ளிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துவது, பின்னால் பத்தடி இழுப்பது, திருப்பி நிறுத்துவது. இருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சேல்ஸ்மேன் "நான் எடுத்துத் தரேன் மேடம்" என்று ஓடி வருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள், நாளைக்கு வீட்டில் அவர் இருக்கமாட்டார்.

டெஸ்ட் ரைடை ஒருவர் மட்டும் ஓட்டிவிட்டு வருவது

பெரும்பாலும் நடப்பது இதுதான். கணவர் ஓட்டுவார், மனைவி பின்னால் உட்கார்ந்து வருவார், "எப்படி இருக்கு?" என்றால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். பின்சீட்டிலிருந்து வந்த அந்தப் பதில் வண்டி எடுக்க உதவாது. மாறி உட்கார வேண்டும். மனைவி ஓட்ட, கணவர் பின்னால். 80 கிலோ ஆள் பின்னால் ஏறியதும் வண்டி நடந்துகொள்வதே வேறு. தினமும் மெட்ரோ ஸ்டேஷனில் ஒருவரை இறக்கிவிட்டு மற்றவர் வண்டியை எடுத்துப் போவதாகத் திட்டம் இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம்.

பழைய மாடலை ஓட்டிவிட்டுப் புதியதைப் பற்றி முடிவு சொல்வதும் உண்டு. நண்பரின் 2022 ஹன்டரை ஓட்டி "கிளட்ச் கனம், பின்பக்கம் தூக்கிப் போடுது" என்பார்கள். 2025 மாடலில் பிடிக்க லேசான ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் வந்திருக்கிறது, பின் சஸ்பென்ஷனையும் மாற்றியிருக்கிறார்கள். கை சிறியவர்களுக்குக் கிளட்ச் லேசாக இருப்பது பெரிய விஷயம். சிக்னலுக்குச் சிக்னல் பிடித்து விடும்போது முதலில் கை வலிப்பது அவர்களுக்குத்தான்.

கியர் போடும் முறையையும் பாருங்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் எல்லா கியரையும் முன்னால் மிதித்தே போட வேண்டும். ஹன்டரிலும் ரைடரிலும் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஒருவர் பல வருடம் பழைய வண்டியில் ஓட்டியவர் என்றால், முதல் சில வாரம் கால் தானாகத் தப்பாகப் போகும். இது பெரிய தடை இல்லை. ஆனால் பழைய வண்டியையும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் குழப்பம் தீரவே தீராது.

உடையைப் பற்றிப் பேசாமல் இருப்பது

இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம், ஆனால் தினமும் காலையில் வருகிற பிரச்சினை இது. மனைவி வேலைக்குப் புடவையில்தான் போக வேண்டும் என்றால், உதாரணமாகப் பல பள்ளிகளில் ஆசிரியைகளுக்கு அப்படித்தான், டேங்க் உள்ள எந்த பைக்கும் அவருக்குச் சரிவராது. ஹன்டரா ரைடரா என்ற கேள்வியே அங்கே முடிந்துவிடுகிறது. ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி ஒரு ஸ்கூட்டரைக் கணவரும் சேர்ந்து ஓட்டுவதுதான் வழி. ஸ்கூட்டர் ஆண்களுக்குச் சரிப்படாது என்று இன்னும் சொல்கிறவர்கள் டெலிவரி வேலை செய்யும் பையன்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சுடிதார் என்றால் துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும், அல்லது ஓட்டும்போது பையில் போட்டுவிட வேண்டும். பின்சக்கரத்திலும் செயினிலும் சிக்கிக் கழுத்து இறுகிய விபத்துகள் நிறைய. பின்னால் உட்காருபவருக்கும் இதே ஆபத்துதான். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்சீட்டுக்காரருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்று சொல்வது இந்தத் தடுப்பைத்தான். அழகு கெடுகிறது என்று டெலிவரி எடுத்த அன்றே அதைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமியார் ஒருநாள் ஒருபக்கமாக உட்கார்ந்து கோயிலுக்கு வரும்போதுதான் அதன் அருமை தெரியும். ரைடரில் முன் சீட்டும் பின் சீட்டும் தனித்தனியாக வரும் வேரியன்ட்டும் உண்டு, ஒரே சீட்டாக வரும் வேரியன்ட்டும் உண்டு. ஒருபக்கமாக உட்காருபவர்கள் வீட்டில் இருந்தால் ஒரே சீட் நல்லது.

லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதது

என் கணக்கில் இதுதான் மிகப் பெரிய தவறு. நம் ஊரில் பல பெண்கள் ஸ்கூட்டரில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியிருப்பார்கள். அதில் கியர் இல்லாத வண்டி என்று மட்டும் இருக்கும். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ஹன்டரும் ஓட்ட முடியாது, ரைடரும் ஓட்ட முடியாது, கியர் உள்ள எந்த வண்டியும் ஓட்ட முடியாது. "லைசென்ஸ்தான் இருக்கே" என்று இருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அப்படி ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக இன்னொரு 5,000. அபராதத்தைக்கூட விடுங்கள். விபத்தில் வண்டிக்குச் சேதம் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க இது ஒன்றே போதும். எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால், கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை நம்மிடம் வசூலிக்க வர முடியும்.

சரிசெய்வது கஷ்டமில்லை. டிஜிலாக்கரில் லைசென்ஸைத் திறந்து எந்த வகை வண்டி என்று பாருங்கள். கியர் வண்டி இல்லை என்றால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அதைச் சேர்க்க விண்ணப்பித்து, எல்எல்ஆர் வாங்கி, 30 நாள் கழித்து மறுபடி எட்டு போட வேண்டும். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். வண்டி புக் செய்வதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட்டால், டெலிவரி வரும்போது இருவரும் ஓட்டத் தயார்.

யார் பெயரில் என்பதை யோசிக்காமல் கையெழுத்துப் போடுவது

வண்டி இன்சூரன்ஸோடு கட்டாயமாக வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) பெயர் உள்ள உரிமையாளர் தானே ஓட்டும்போது அடிபட்டால்தான் பொருந்தும். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ள வண்டியை மனைவி ஓட்டி அடிபட்டால் அந்த 15 லட்சத்தில் ஒரு பைசா கிடையாது. இருவரும் ஓட்டுகிற வீட்டில் இது தெரியாமல் இருக்கக் கூடாது. எனவே யார் அதிக தூரம் ஓட்டப்போகிறாரோ அவர் பெயரில் வண்டியை எடுங்கள். மற்றவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு போட்டுவிடுங்கள், வருட பிரீமியம் ஒன்றும் பெரிதாக வராது. பின்சீட்டில் வருபவருக்கான காப்பீடும் கேட்டால்தான் சேர்ப்பார்கள். ஆர்சியில் நாமினி பெயர் சேர்க்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. அதில் மற்றவர் பெயரைப் போட்டுவிடலாம்.

மைலேஜ் கணக்கு

மைலேஜை வைத்துச் சண்டை போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 30 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 750 கி.மீ. ரைடர் லிட்டருக்கு 60 தருகிறது என்று வைத்தால் 12.5 லிட்டர். ஹன்டர் 35 தருகிறது என்றால் 21.4 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று போட்டால் மாதம் 900 ரூபாய் வித்தியாசம். ஐந்து வருடத்துக்கு 54,000. ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் அதே வித்தியாசம் மாதம் 300 ரூபாய்க்குள் வந்துவிடும், அதற்காக ஆசையை விட வேண்டியதில்லை.

இதே தாளில் இன்னொன்றும் எழுத வேண்டும்: யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்தத் திசையில். ஒருவர் காலை எட்டரைக்குச் சிறுசேரிக்கும் மற்றவர் எட்டே முக்காலுக்கு எதிர்த்திசையில் அம்பத்தூருக்கும் போக வேண்டும் என்றால் எந்த வண்டி எடுத்தாலும் பயனில்லை. அங்கே ஹன்டர் விலையில் பாதிக்கு ஒரு நல்ல பழைய ஸ்கூட்டரையும், மீதிக்கு ஒரு ரயில் பாஸையும் யோசிக்கலாம்.

வேரியன்ட், விலை

வீடியோவில் காட்டுவது டாப் வேரியன்ட், நம் பட்ஜெட்டில் வருவது அடிப்படை வேரியன்ட். ஹன்டரின் ஆரம்ப வேரியன்ட்டில் ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர், பின்னால் டிரம் பிரேக். மேல் வேரியன்ட்டில் அலாய், ட்யூப்லெஸ், பின்னாலும் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ட்யூப்லெஸ்ஸில் பஞ்சரானால் காற்று மெதுவாக இறங்கும், பங்க் வரை ஓட்டிப் போய்விடலாம். ட்யூப் டயர் என்றால் மொத்தமும் இறங்கிவிடும், சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் தனியாக 181 கிலோவைத் தள்ளப்போவது யார் என்று யோசித்துவிட்டு, கூடுதல் விலையைப் பேசலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, எனவே அதற்கு முந்தைய வீடியோ விலைகளை மறந்துவிடுங்கள். சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத எக்ஸ் ஷோரூம் விலையையும் வைத்து ஒப்பிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு ஆயுட்கால வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இதனால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஆன்ரோடு விலையில் இன்னும் கூடும்.

என்னைக் கேட்டால், இருவரும் தினமும் ஓட்டுவது உறுதி, ஒருவர் புதிதாகக் கியர் பழகுகிறார் என்றால் ரைடர். இருவரும் ஏற்கெனவே கியர் வண்டி ஓட்டியவர்கள், பார்க்கிங் தரைத்தளத்தில், தூரம் குறைவு, வாரக் கடைசியில் மகாபலிபுரமோ ஏலகிரியோ போகும் பழக்கம் உண்டு என்றால் ஹன்டரை எடுங்கள், தள்ளிப் பார்த்த பிறகு.

எடுத்த பிறகு

ஹெல்மெட்டைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். இரண்டு தலையும் ஒரே அளவு இல்லை, லூசான ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்றுவிடும். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். ஸ்கூட்டர் போல பைக்கில் சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்கும் அளவுக்கு இடம் கிடையாது. இரண்டாவது ஹெல்மெட்டை எங்கே பூட்டுவது, டிபன் பையை எங்கே மாட்டுவது என்று டெலிவரி அன்றே பார்த்துவிடுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் இரண்டு கண்ணாடியையும் திருப்பிக்கொள்ள வேண்டும். கிளட்ச் கேபிளின் தளர்வை மெக்கானிக்கிடம் சொல்லிச் சின்னக் கை உள்ளவருக்கு ஏற்றபடி வையுங்கள், பெரிய கைக்கு அது இடைஞ்சலாக இருக்காது. பெட்ரோல் எந்த அளவுக்குக் கீழே போனால் யார் போடுவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் வண்டியை வைத்து நடக்கும் சண்டைகளில் பாதி காலையில் காலி டேங்கோடு ஆரம்பிப்பவைதான். சாவி இரண்டையும் டெலிவரி அன்றே கேட்டு வாங்கி, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டால், வண்டி ஒருவர் ஆபீஸ் வாசலில் நிற்கும், சாவி அவர் சட்டைப்பையில் பெங்களூரு போய்க்கொண்டிருக்கும்.