பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரில் பெட்ரோலை மிச்சப்படுத்துவது எப்படி?

படகின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் பெட்ரோலைக் குடிக்கிறது என்றதும் பலருடைய கை முதலில், கலவையில் பெட்ரோலின் அளவை மாற்றும் கார்புரேட்டர் ஊசிக்குத்தான் போகும். அதைக் கடைசியில் தொடுங்கள். இந்த வகை டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும்போது புகை போகும் வாயும் திறந்தே இருக்கிறது. அதனால் கால் பங்கு பெட்ரோல் வரை எரியாமலே வெளியேறக்கூடும். இது இன்ஜினின் பிறவிக் குணம், ஊசியை இறுக்கி மாற்ற முடியாது. பிஸ்டனைக் குளிர்விப்பதும் பேரிங்குக்கு ஆயில் கொண்டுபோவதும் அதே கலவைதான் என்பதால், அளவுக்கு மீறி லீன் ஆக்கினால், அதாவது கலவையில் பெட்ரோலைக் குறைத்தால், பிஸ்டன் ஜாம் ஆகும். நாம் தடுக்கக்கூடிய இழப்புகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

முதலில் அளவெடுங்கள். பெட்ரோல் டேங்கைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, வழக்கமான சுமையோடு, அமைதியான நீரில், ஒரே வேகத்தில் போய் அதே வழியில் திரும்பி வாருங்கள். தூரத்தை ஜிபிஎஸ் சொல்லும். மறுபடி நிறுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 0.74 கிலோ. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கையில் இருந்தால்தான் எந்த மாற்றம் பலித்தது என்று தெரியும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு. இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை இன்ஜின் உடம்போடு எர்த் செய்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் ரிங் கார்பனில் ஒட்டியிருக்கும். கார்பன் நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதற்கும் கம்ப்ரஷன் ஏறாவிட்டால் பிரித்தே ஆக வேண்டும்.

ஸ்பார்க் பலவீனமாக இருந்தால் எரியாத பெட்ரோல் அப்படியே தண்ணீருக்குப் போகும். 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களின் மேக்னெட்டோக்களில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் பாகம்) பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளின் இடைவெளி 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.75 மி.மீ. திறந்த காற்றில் 6 மி.மீ. தூரத்தைப் பளிச்சென்று தாண்டாத ஸ்பார்க் போதாது. காயிலின் மேலுறையில் வெடிப்பு தெரிந்தால் காயிலை மாற்றிவிடுங்கள். கூடவே டைமிங்கையும் (ஸ்பார்க் விழும் நேரம்) கார்புரேட்டரையும் இணைக்கும் த்ராட்டில் கேமையும் பாருங்கள்: கேமில் உள்ள குறி ரோலருக்கு நேராக வரும் கணத்தில்தான் கார்புரேட்டரின் பட்டாம்பூச்சித் தகடு திறக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே திறந்தால், டைமிங் முன்னேறாமல் பெட்ரோல் மட்டும் ஏறும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, இன்ஜினின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைத்தான். இன்ஜின் சூடேறியபோது யாரோ அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் ஆவியாகாமல் கிராங்க்கேஸின் அடியில் தேங்கும். முதலில் வாட்டர் பம்ப் இம்பெல்லரை மாற்றுங்கள், பிறகு தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். வெந்நீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டால் பெரும்பாலானவை 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கும். சில சிறிய மாடல்களில் தெர்மோஸ்டாட்டே கிடையாது.

கார்புரேட்டருக்குள் இருக்கும் கார்க் மிதவை பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறி, கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் கார்க்கின் மேல் உள்ள பழைய ஷெல்லாக் (அரக்கு) பூச்சையும் கரைத்துவிடுகிறது. பிளாஸ்டிக் மிதவை போடுவதே நல்லது. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை கேஸ்கெட் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் புகைபோலத் திரும்பத் தெறித்தால் கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கலாம்.

காற்றழுத்தத்தால் பெட்ரோலைத் தள்ளும், இரண்டு குழாய் வைத்த பிரஷர் டேங்க் மாடல்களுக்கு டயாஃப்ரம் பம்ப் பொருத்துவது பயனுள்ள மாற்றம். கசிவு குறையும், அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கும் ஆபத்தும் போகும். பம்புக்கான துடிப்பை கிராங்க்கேஸிலிருந்து எடுங்கள். முன்பு டேங்குக்குக் காற்று கொடுத்த செக் வால்வு துளைகளை அடைக்க மறந்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் அங்கேயே கசிந்து, இன்ஜின் சோர்ந்துவிடும்.

ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய புஷ் பேரிங் இன்ஜினுக்கு 24 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர், 50:1 என்று தயாரிப்பாளரே குறித்த ரோலர் பேரிங் இன்ஜினுக்கு லிட்டருக்கு 20 மி.லி. ஆயிலைக் குறைத்தால் பெட்ரோல் மிஞ்சாது, பேரிங்தான் போகும்.

இனி விசிறி (புரொப்பெல்லர்). நல்ல நிலையில் உள்ள இன்ஜினிலும் அதிகம் மிச்சமாகும் இடம் இதுதான். டேக்கோமீட்டர் வைத்து, வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். கையேட்டில் உள்ள ஆர்பிஎம்மை எட்டாவிட்டால் பிட்ச் (விசிறி ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) அதிகம், இன்ஜின் திணறுகிறது. தாண்டிவிட்டால் பிட்ச் குறைவு. ஒரு அங்குலப் பிட்ச் மாற்றம் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம். விசிறி நடுவிலுள்ள ரப்பர் நழுவுகிறதா என்று அறிய, உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு பிரிந்தால் நழுவுகிறது.

விசிறிக்கு மேலே உள்ள கேவிட்டேஷன் தகடு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி வர வேண்டும். கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் படகைப் பின்னுக்கு இழுக்கும். பின்பலகையில் மரத்துண்டு வைத்து ஒவ்வொரு சென்டிமீட்டராக உயர்த்துங்கள். திருப்பத்தில் விசிறி காற்றைப் பிடித்து அலறினால் ஒரு படி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் கூலிங் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஊசி. இரண்டு ஊசிகளையும் மெதுவாக அடைத்து (இறுக்கினால் ஊசி உட்காரும் இடம் கெடும்), ஹை ஸ்பீடு ஊசியை முக்கால் முதல் ஒரு சுற்று, லோ ஸ்பீடு ஊசியை ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். தண்ணீரில், சுமையோடு, முழு த்ராட்டிலில், ஹை ஸ்பீடு ஊசியை எட்டில் ஒரு சுற்றாக உள்ளே திருகி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி காத்திருங்கள். ஆர்பிஎம் இறங்கத் தொடங்கிய உடனே உச்ச ஆர்பிஎம் வரும்வரை வெளியே திருகி, அதற்கும் மேலே எட்டில் ஒரு சுற்று வெளியே விடுங்கள். அதன்பின் லோ ஸ்பீடு ஊசி: த்ராட்டிலைத் திறக்கும்போது கார்புரேட்டரில் தும்மல் வந்தால் லீன். பிளக் வெளிறி வெள்ளையானால் உடனே ரிச் பக்கம் திரும்புங்கள். ஊசிக்குப் பதில் நிலையான ஜெட் (பெட்ரோல் வரும் அளவுத் துளை) உள்ள மாடலில் கம்பெனி அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

ஓட்டும்போது, நீர்மட்டத்தில் 4 மீட்டர் நீளமுள்ள படகுக்கு மணிக்கு 9 கி.மீ. ஒரு எல்லை. அதற்குள் போங்கள், அல்லது நன்றாகப் பிளேனில் (படகு எழுந்து தண்ணீரின் மேல் வழுக்கிப் போகும் நிலை) ஏற்றிவிட்டு த்ராட்டிலைக் குறையுங்கள். நடுவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும் வேகத்தில்தான் டேங்க் வேகமாகக் காலியாகும். அந்த நிலையில் பின்னால் இருக்கும் கனத்தை முன்னால் நகர்த்தினாலே பல படகுகள் பிளேனில் ஏறிவிடும்.